பேரலல் போர்ட் உள்ள பழைய மடிக்கணினியை வேகப்படுத்த முடியுமா?

கேள்வி (சிறுமுகை)

வணக்கம். பட்டுச் சேலைத் தறிகளுக்கு ஜக்கார்டு அட்டை (டிசைனைத் துளைகளாகத் தறிக்குச் சொல்லும் அட்டை) அடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். அட்டை அடிக்கும் இயந்திரம் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர்களை இணைத்த அகலமான துளை) வழியாகத்தான் இயங்கும், அதன் மென்பொருளும் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் என்பதால், அப்பா வாங்கிய திங்க்பேட் டி42-ஐ இன்றுவரை கைவிடாமல் வைத்திருக்கிறோம். 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எம், 512 எம்பி ராம், வாங்கியபோது இருந்த அதே ஹார்டு டிஸ்க். ஒரு முந்தானை டிசைனைத் திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. அதுவரை மவுஸ் அம்புக்குறிகூட விட்டுவிட்டுத்தான் நகர்கிறது. 2.1 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் மாற்றினால் சரியாகுமா?

பதில் (கோவை)

ப்ராசஸரை இப்போதைக்குத் தொடாதீர்கள், தம்பி. முழுப் பலன் கிடைத்தாலும் நான்கு நிமிடம் மூன்றேகால் நிமிடமாகும், அவ்வளவுதான். அம்புக்குறி விட்டுவிட்டு நகர்வதுதான் எனக்கு உறுத்துகிறது. டிஸ்க்கைப் படிக்கையில் பிழைகள் சேரச் சேர, ஆறு பிழைக்கு ஒரு படியாக எக்ஸ்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் டிஸ்க்கிலிருந்து தரவு நேராக ராமுக்குப் போகும் டிஎம்ஏ முறையை விட்டுப் பிஐஓ முறைக்குப் போய்விடும். அதன்பின் டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு தரவையும் ப்ராசஸரே சுமக்க வேண்டியிருப்பதால் வேறு வேலை எதுவும் நகராது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலை (டிஸ்க் இணைந்திருக்கும் பாதை) திறந்து பாருங்கள். பிஐஓ என்றிருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி இயக்கினால் டிஎம்ஏ திரும்பிவிடும். ஆனால் பிழை வந்ததற்குக் காரணம் டிஸ்க் தேய்ந்ததாகவும் இருக்கலாம் என்பதால், டிசைன்களை முதலில் பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். இது தள்ளிப்போடக் கூடாத வேலை.

பதில் (ஈரோடு)

கோவை ஐயா சொன்னது சரி. அதன் பிறகு டிஸ்க்கையே மாற்றிவிடுங்கள். எம்சாட்டா எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத, சிறு அட்டை வடிவ டிஸ்க்) 44 பின் ஐடிஇ அடாப்டரில் பொருத்தினால் போதும். அடியிலுள்ள ஒற்றை ஸ்குரூவைக் கழற்றினால் பழைய டிஸ்க் பக்கவாட்டில் உருவி வந்துவிடும். ஐடிஇ பாதையே நொடிக்கு 100 எம்பிக்கு மேல் விடாது என்பதால் விலை கூடிய எஸ்எஸ்டி வீண். பார்ட்டிஷனை (டிஸ்க்கில் ஒதுக்கும் பகுதி) எக்ஸ்பி வழக்கப்படி 63-ஆவது செக்டாரில் தொடங்காமல், எஸ்எஸ்டியின் உள் அமைப்போடு பொருந்த 2048-இல் தொடங்குங்கள். எக்ஸ்பிக்கு டிரிம் (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) தெரியாது. ஆகவே கொஞ்சம் இடத்தைக் காலியாகவே விட்டுவையுங்கள். ராமை 1 ஜிபி ஆக்குவதும் நல்லது. யுஎஸ்பி–பேரலல் மாற்றிகளை நம்பிப் புதுக் கணினிக்குப் போய்விடாதீர்கள். அவை பெரும்பாலும் பிரிண்டருக்கு மட்டுமே உதவும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பிஐஓ என்றுதான் இருந்தது. சேனலை நீக்கியதிலேயே நான்கு நிமிடம் ஒரு நிமிடமாகிவிட்டது. எஸ்எஸ்டி போட்டபின் அதே முந்தானை பத்து நொடியில் திறக்கிறது. ப்ராசஸர் எண்ணத்தை விட்டுவிட்டேன். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி, தேதி எழுதி, அட்டைக்கட்டுகளோடு அலமாரியில் வைத்திருக்கிறேன்.