மாடிப்படி விளக்கைப் போட்டால் இரண்டு ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாக விழுகின்றன: பழைய வீட்டு வயரிங் குறித்து உதவி தேவை

கேள்வி (கொசப்பேட்டை, வேலூர்):
எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் கூரையும் சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களும் கொண்ட பழைய மாடி வீடு. மர ரீப்பரின் மேல் கிளிப் அடித்து ஓடும் வயரிங், 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்படுவதற்கும் முன்பே செய்யப்பட்டது. முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றப் பணம் இடம் கொடுக்காததால், சமையலறை, குளியலறை, மாடி அறை ஆகியவற்றுக்கு மட்டும் இப்போது கேசிங்-கேப்பிங்கில் (சுவரின் மேல் பொருத்தும் மூடியுள்ள பட்டை) புது வயர் இழுத்திருக்கிறோம். கூடமும் திண்ணைப் பக்கமும் பழைய வயரிலேயே ஓடுகின்றன. கிட்கேட் பியூஸ் போர்டை எடுத்துவிட்டுப் புது டி.பி. பாக்ஸ் (மின் பகிர்வுப் பெட்டி) வைத்து, புதுப் பகுதிக்கு ஒன்றும் பழைய பகுதிக்கு ஒன்றுமாக 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டித்து ‘விழும்’ பாதுகாப்பு சுவிட்ச்) இரண்டு பொருத்தியாயிற்று.

மிக்ஸி, கீசர், மின்விசிறி என எதைப் போட்டாலும் தொல்லை இல்லை. ஆனால் மாடிப்படியின் 9 வாட் எல்.இ.டி. விளக்கை, கீழ் சுவிட்சிலோ மேல் சுவிட்சிலோ போட்ட நொடியில் இரண்டு ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்து விழுகின்றன. அதே ஹோல்டரில் அரை வாட் இரவு விளக்கை மாட்டினால் விழுவதில்லை. இது தவிர, மழை பெய்யும் இரவுகளில் பழைய பகுதி மட்டும் தானாகவே விழுகிறது. “பழைய வீட்டுக்கு இது ஒத்துவராது, எடுத்துவிட்டு எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) மட்டும் வைத்துக்கொள்ளலாம்” என்கிறார் வேலை செய்தவர். எடுத்துவிடலாமா?

பதில் (ராணிப்பேட்டை):
ஆர்.சி.சி.பி.யே பழுதாக இருக்கலாம். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பதில் (காட்பாடி, வயரிங் பணியில் இருப்பவர்):
ஐயா, தயவுசெய்து எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகி, அதுவும் ஒரே ஒரு விளக்குக்கு மட்டும் விழுவது நடக்காத காரியம். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதைத்தான் ஆர்.சி.சி.பி. பார்க்கிறது. உங்கள் படி விளக்குக்குப் பேஸ் கீழே கூடத்து லைனிலிருந்தும், நியூட்ரல் பக்கத்தில் கிடைத்ததென்று மாடி அறை லைனிலிருந்தும் வந்திருக்கும். டூ-வே சுவிட்ச் போட்ட பழைய மாடிப்படிகளில் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரே பியூஸ் போர்டு இருந்த காலத்தில் அதனால் தெரியும்படி எந்தத் தொல்லையும் வந்திருக்காது. இப்போது கூடத்து ஆர்.சி.சி.பி.யில் போன மின்னோட்டம் அதில் திரும்பவில்லை, மாடி அறை ஆர்.சி.சி.பி.யிலோ போகாத மின்னோட்டம் திரும்புகிறது. எனவே இரண்டும் தம் கடமையைச் சரியாகவே செய்கின்றன. இரவு விளக்கு இழுப்பது சில மில்லியாம்பியர்தான், விழும் அளவை அது எட்டுவதில்லை.

இரண்டு பகுதிகளின் நியூட்ரலும் எங்கேனும் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால் மிக்ஸிக்கும் கீசருக்கும்கூட விழுந்திருக்கும். அப்படி இல்லாததால் கோளாறு அந்த ஒரு விளக்கோடு நிற்கிறது என்று துணிந்து சொல்லலாம். மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு படித் திருப்பத்தில் உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாடி அறையிலிருந்து வரும் நியூட்ரலைக் கழற்றி முனையை மூடிவிட்டு, கூடத்து லைனிலிருந்தே விளக்குக்கு நியூட்ரல் கொடுத்தால் போதும்.

மழைக்கால விவகாரம் வேறு. அது உண்மையான கசிவு. வெயில் காய்ந்த பகலில் மெக்கர் (வயரின் மேலுறைக் காப்பை அளக்கும் கருவி) வைத்தால் எல்லாம் நன்றாகவே காட்டும், ஆகவே மழை பெய்த மறுநாள் காலையில் 500 வோல்ட் மெக்கரை வைத்து, பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டையும் அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனைத் தனியே பிரித்துத் தேடலாம். டெரஸ் நீர் இறங்கும் குழாயை ஒட்டிச் சுவருக்குள் நுழையும் வயரை முதலில் சந்தேகப்படுங்கள், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை எளிதில் விடாது.

பதில் (ஆற்காடு):
பழைய வயரிங்கில் எர்த் வயரே இருக்காதே? தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டால் ஆகாதா?

பதில் (காட்பாடி):
ஆகாது, ஐயா. இடையில் ஒரு துண்டு பி.வி.சி. குழாய் இருந்தாலே எர்த் அறுந்துவிடும், பிறகு கசியும் மின்சாரம் குளியலறைக் குழாயில் வந்து நிற்கும். எர்த் இல்லாத லைனில் ஆர்.சி.சி.பி. இருந்தாலும், கசிவுக்குப் போக வழி இல்லாததால், ஓர் ஆள் தொடும் வரை அது விழாமல் காத்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எர்த் குழி ஒன்று போட்டு, புது லைன் ஒவ்வொன்றிலும் பச்சை வயரைச் சேர்த்தே இழுக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் மண் வறண்டு எர்த் தடை ஏறிவிடும், அதனால் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றும்படி மூடி வைத்துக் கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
படித் திருப்பத்துப் பாக்ஸைத் திறந்தபோது, துணி டேப் சுற்றிய ஒரு கறுப்பு வயர் மாடி அறைப் பக்கமிருந்து வந்து விளக்கின் நியூட்ரலில் சேர்ந்திருந்தது. அதைப் பிரித்துக் கூடத்து நியூட்ரலைக் கொடுத்த பின் 9 வாட் விளக்கு எரிகிறது, இரண்டும் விழவில்லை. மழைக்குப் பின் மெக்கர் வைத்ததில் திண்ணை லைன் மட்டும் மோசமாகக் காட்டியது. அதை எம்.சி.பி.யில் அணைத்து வைத்திருக்கிறோம். அந்த லைனை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாமா, கூடத்தோடு சேர்த்து மாற்றிவிடலாமா?

பதில் (காட்பாடி):
சேர்த்தே மாற்றுங்கள். வயரை வளைத்தால் மேலுறை நொறுங்கிக் கையில் உதிரும் நிலையில் இருந்தால், அதன் மேல் போடும் ஒட்டு ஒரு மழைக்குத் தாங்காது. விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்று எடுத்தால் போதுமானது. சுவரைக் கொத்திக் குழாய் பதிக்க யாரையும் விடாதீர்கள், சுண்ணாம்புச் சாந்து பொலபொலவென்று உதிரும். திண்ணைக்கும் கேசிங்-கேப்பிங்கே நல்லது. பழைய ரீப்பர் தேக்காக இருந்தால் உடைக்காமல் கழற்றச் சொல்லுங்கள், தச்சரே வந்து விலைக்குக் கேட்பார்.