சான்டி கசோர்லா உண்மையிலேயே எவ்ளோ பெரிய ப்ளேயர்? பாத்தவங்க சொல்லுங்க

புதுசா_பாக்குறவன்:
வணக்கம் மக்களே, நான் ஃபுட்பால் ஒழுங்கா பாக்க ஆரம்பிச்சதே 2022 வேர்ல்டு கப்புக்கு அப்புறம்தான். போன வாரம் ஒரு கிளிப் கண்ணுல பட்டுச்சு. 2025 ஜூன் 21, ஸ்பெயின் கிளப் ஒவியேடோ, அந்த நாட்டு டாப் லீகான லா லீகாவுக்கு ஏறுன ப்ளேஆஃப் ஃபைனல். 40 வயசுல குள்ளமா ஒருத்தர் வந்து பெனால்டி அடிக்கிறார், மேட்ச் முடிஞ்சதும் எல்லாரும் அவரத்தான் தேடிப் போய் கட்டிப்பிடிக்கிறாங்க. பேரு சான்டி கசோர்லான்னு பாத்துட்டு ஃப்ரெண்டுகிட்ட கேட்டா, ஸ்பெயின் டீம்ல ஷாவி, இனியெஸ்டா ஆடுன காலத்துல பெஞ்ச்ல உக்காந்த ஆளுடா, அவ்ளோதான்னு ஒரே வரில முடிச்சிட்டான். எனக்கு மனசு ஒப்பல. அந்தக் காலத்துல லைவ்வா பாத்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

வடக்கு_லண்டன்_வெறியன்:
தம்பி, உங்க ஃப்ரெண்டு சொன்னது பாதிதான் சரி. அந்த ஸ்பெயின் மிட்ஃபீல்டுல இடம் கிடைக்கிறது யாருக்குமே கஷ்டம், அதுலயும் இவரு 81 மேட்ச் ஆடியிருக்காரு, 2008 யூரோ 2012 யூரோ ரெண்டு டீம்லயும் இருந்தாரு. 2008 குவார்ட்டர் ஃபைனல்ல இத்தாலி கூட பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போச்சு, ஸ்பெயின் காலங்காலமா அந்த ரவுண்டுல வெளிய போற டீம், அங்க ரெண்டாவது பெனால்டி அடிச்சது 23 வயசு கசோர்லா. உள்ள போட்டாரு. 2010 வேர்ல்டு கப் முதுகுப் பிரச்சனையால போச்சு, இல்லன்னா அந்த மெடலும் இருந்திருக்கும்.

ஆனா நான் சொல்ல வர்றது வேற. இவருக்கு எந்தக் கால் சோத்துக் கால், எந்தக் கால் பீச்சாங்கால்னு கடைசி வரைக்கும் எங்களுக்குப் பிடிபடவே இல்ல. வலது பக்கம் கார்னர்னா ஒரு கால்ல போடுவாரு, இடது பக்கம்னா இன்னொரு கால்ல, ரெண்டும் ஒரே மாதிரி போய் விழும். இதோட அருமை மேட்ச் நடுவுலதான் தெரியும். பிரஸ் பண்ண, அதாவது நெருக்கிப் பால பறிக்க வர்றவன் எதிராளியோட பலமான கால அடைச்சிட்டு வருவான், இவரு கிட்ட எந்தப் பக்கத்த அடைக்கிறது? ஒரு பக்கம் அடைச்சா மறுபக்கம் திரும்பிப் போயிட்டே இருப்பாரு.

2012ல ஸ்பெயின் கிளப் மலாகால இருந்து எங்க லண்டன் கிளப் ஆர்செனலுக்கு வந்தாரு. அதுக்கு முந்துன சீசன்லதான் மலாகா 4வது இடம் பிடிச்சு முதல் தடவையா சாம்பியன்ஸ் லீகுக்குப் போச்சு. வந்த முதல் சீசன்லயே லீக்ல 12 கோல், ரெடிங் கூட ஹாட்ரிக். அப்புறம் 2014 எஃப்ஏ கப் ஃபைனல், ஹல் சிட்டி 8 நிமிஷத்துல 2 கோல் போட்டுட்டான், நாங்களோ 9 வருஷமா கப்பு இல்லாத டீம், நான் டிவிய ஆஃப் பண்ணப் போயிட்டேன். 17வது நிமிஷம் ஃப்ரீ கிக், தூரம் அதிகம், கசோர்லா நேரா மேல் மூலைல ஏத்திட்டாரு. அந்த ஒரு அடிலதான் எங்களுக்கு உயிர் வந்துச்சு, எக்ஸ்ட்ரா டைம்ல 3-2 ஜெயிச்சோம்.

குதிகால்_காயம்:
மேல அண்ணன் ஆர்செனல் கதைய சொல்லிட்டாரு, நான் கால் கதைய சொல்றேன், ஏன்னா எனக்கு அவரு ஹீரோ ஆனதே அதனாலதான். 2013ல ஸ்பெயினுக்கு ஆடும்போதே கணுக்கால்ல அடி, அந்த வலியோடயே வருஷக்கணக்கா ஆடியிருக்காரு. 2016 அக்டோபர் 19, பல்கேரியா டீம் லுடோகொரெட்ஸ் கூட ஆடுன மேட்ச்சுக்கு அப்புறம் முடியல. ஆபரேஷன் மேல ஆபரேஷன், காயம் ஆறவே இல்ல, தையல் பிரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, உள்ள இன்ஃபெக்ஷன் பரவி சதை அழுக ஆரம்பிச்சிருச்சு. குதிகாலுக்கு மேல பின்பக்கம் கயிறு மாதிரி ஓடுமே அகிலிஸ் டெண்டான், அதுல 8 செ.மீ. பாக்டீரியா தின்னுருச்சு. பையன் கூட தோட்டத்துல நடக்க முடிஞ்சாலே சந்தோஷப்படுங்கன்னு டாக்டர் சொல்ற நிலமை.

கடைசில ஸ்பெயின்ல விட்டோரியா ஊர்ல மிக்கேல் சாஞ்சஸ்னு ஒரு டாக்டர்தான் காப்பாத்துனாரு. கணுக்கால மூட கைல இருந்து தோல் எடுத்து வச்சாங்க, அந்த இடத்துல மகள் பேரு பச்சை குத்தியிருந்தாரு, அதுல பாதி கைலயும் பாதி கால்லயும் இருக்கு. மகள் பேரு என்ன தெரியுமா, இந்தியா. போட்டோல அந்தக் கால பாத்தப்போ எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

டர்ஃப்ல ஆடி லிகமென்ட் கிழிஞ்சு நான் 7 மாசம் ஓடாம இருந்தேன், மூணாவது மாசத்துலயே இனிமே ஷூ மாட்டவே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். இவரு 636 நாள் கழிச்சு 2018 ஜூலைல ஸ்பெயின் கிளப் வில்லாரியல் சட்டைல கிரவுண்டுல எறங்குனாரு. 2019 ஜனவரி 3, ரியல் மாட்ரிட் கூட 2-2, ரெண்டு கோலும் இவரு. ரெண்டாவது 82வது நிமிஷம், தலையால! 168 செ.மீ. உயரம், டெண்டான் போன கால், அதுல எகிறி ஹெட்டர் போடுறாரு. அந்த வருஷமே நேஷனல் டீமுக்கும் திரும்பக் கூப்பிட்டாங்க.

பழைய_லாலீகா:
நீங்க பாத்த கிளிப்புக்கு ஒவியேடோ கதை தெரியணும் ப்ரோ. கசோர்லா ஒவியேடோ இருக்குற அஸ்தூரியாஸ் பகுதிக்காரரு, சின்னப் பையனா ஒவியேடோ அகாடமில வளந்தவரு. 2003ல கிளப் கடன்ல மூழ்கி நாலாவது டிவிஷனுக்குத் தள்ளப்பட்டுச்சு, சீனியர் டீமுக்கு ஒரு மேட்ச் கூட ஆடாமலே இவரு வில்லாரியல் கெளம்பிட்டாரு. 2012ல கிளப்ப இழுத்து மூடுற நிலமை, 10.75 யூரோ ஒரு ஷேர்னு வித்தாங்க, எங்கெங்க இருந்தோ ரசிகர்கள் வாங்குனாங்க, அங்க வளந்த மாட்டா, மிச்சு, கசோர்லா எல்லாரும் காசு போட்டாங்க.

கத்தார்ல அல் சத்துக்கு ஆடிட்டு 2023ல 38 வயசுல வீட்டுக்கு வந்தாரு. சம்பளமே வேணாம்னாரு, ரூல்படி குறைஞ்சபட்சமாவது குடுத்தாகணும்ன்றதால அத மட்டும் வாங்கிட்டு, தன் பேர்ல விக்கிற சட்டைல 10 சதவீதம் அகாடமி பசங்களுக்குப் போகணும்னு கேட்டாரு. 2024 ப்ளேஆஃப் ஃபைனல் எஸ்பான்யோல் கிட்ட தோத்துட்டாங்க. 2025ல மிராண்டெஸ் கூட ஃபைனல், ரெண்டு மேட்ச் (லெக்) கோலையும் கூட்டிப் பாப்பாங்க, முதல் லெக் 0-1, ரெண்டாவது லெக்லயும் முதல் கோல் அவங்களோடது, மொத்தமா 0-2. அந்த நேரத்துல 39வது நிமிஷம் விழுந்த பெனால்டிதான் நீங்க பாத்தது. அப்புறம் சைரா ஒண்ணு, எக்ஸ்ட்ரா டைம்ல போர்ட்டியோ ஒண்ணு, 24 வருஷம் கழிச்சு லா லீகா. கட்டிப்பிடிக்க அவரத் தேடிப் போகாம வேற யாரத் தேடுவாங்க?

புதுசா_பாக்குறவன்:
நன்றிண்ணா எல்லாருக்கும், படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். முழுசா ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எது?

வடக்கு_லண்டன்_வெறியன்:
2015 ஜனவரி, மான்செஸ்டர் சிட்டி கிரவுண்டுல 2-0. பெனால்டி இவரு, இன்னொரு ஆர்செனல் ப்ளேயர் ஜிரூ போட்ட ஹெட்டருக்கு ஃப்ரீ கிக் போட்டதும் இவரு. ஆனா கோல் வர்ற இடத்த மட்டும் பாக்காதீங்க தம்பி, கூட ஆடுற மிட்ஃபீல்டர் கோக்லான் பக்கத்துல நின்னு பின்னாடி பால் வாங்குறப்போ சுத்தி மூணு பேர் வருவாங்க பாருங்க, அப்போ எந்தக் கால்ல திரும்புறாருன்னு எண்ணிக்கிட்டே பாருங்க.

புதுசா_பாக்குறவன்:
ஃப்ரெண்டையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன், ராத்திரி பாக்குறோம்.