படத்தை ட்ரேஸ் செய்து எம்பிராய்டரி டிசைன் ஆக்கினால் நூல் குவிந்து துணி சுருங்குகிறது: எங்கே தவறு செய்கிறேன்?

செல்லூர்த் தையலகம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் சிறிய தையலகம் ஒன்று நடத்தி வருகிறேன். 100 × 100 மி.மீ. ஃபிரேம் கொண்ட ஒற்றை ஊசி எம்பிராய்டரி மிஷின் என்னிடம் இருக்கிறது. இதுவரை பஞ்சிங் (படத்தை மிஷினுக்கான தையல் கோப்பாக மாற்றுவது) செய்து தருபவரிடம் டிசைன் வாங்கித்தான் போட்டு வந்தேன். ஆனால் ரவிக்கைக் கைக்கு ஒருவர் மயில் கேட்கிறார், அடுத்தவர் அதே மயிலைத் தோகை திருப்பிக் கேட்கிறார், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளையும், அதனுடன் சேர்ந்து இயங்கும் இங்க்ஸ்டிச் என்ற எம்பிராய்டரி மென்பொருளையும் கணினியில் போட்டு நானே கற்று வருகிறேன்.

கையால் வரைந்து வண்ணம் தீட்டிய மயில் ஒன்றை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் ‘ட்ரேஸ் பிட்மேப்’ (படத்தைத் தானாகவே வெட்டுருவங்களாக மாற்றும் கட்டளை) மூலம் 6 வண்ணங்களாகப் பிரித்தேன். திரையில் மிக அழகாக வந்தது. அதை 90 × 70 மி.மீ. அளவுக்குச் சுருக்கி, இங்க்ஸ்டிச்சில் எந்த அளவையும் மாற்றாமல் மிஷினுக்கான கோப்பாகச் சேமித்தேன். மொத்தம் 27,000 தையல் என்று காட்டியது. பட்டுத் துணியில் ஓட்டியபோது மூன்றாவது வண்ணத்தில் நூல் அறுபடத் தொடங்கியது. ஐந்தாவது வண்ணத்தில் ஊசி உடைந்தது. கழற்றிப் பார்த்தால் மயிலின் வயிற்றுப் பகுதி அட்டைபோல விறைத்திருக்கிறது, சுற்றிலும் துணி சுருங்கியிருக்கிறது. கறுப்பு வெளிக்கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் பிசிறாகவும் இருக்கிறது.

நல்ல படத்திலிருந்து நல்ல டிசைன் வராததற்குக் காரணம் என்ன? காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இருந்தால்தான் இது சரியாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லித்தந்தால் நன்றியுடன் இருப்பேன்.

ஊசிமுனை (பதில்):

வணக்கம் சகோதரி. மென்பொருளை மாற்ற வேண்டிய தேவை இல்லை. நான் நான்கு ஆண்டுகளாக இங்க்ஸ்டிச்சில்தான் பஞ்சிங் செய்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் ட்ரேஸ் செய்த விதத்திலேயே காரணம் இருக்கிறது.

முதலில் வயிற்றுப் பகுதி விறைத்த காரணத்தைப் பார்ப்போம். ட்ரேஸ் பிட்மேப்பில் பல வண்ணங்களாகப் பிரிக்கும்போது ‘ஸ்டாக்’ என்றொரு தேர்வு இருக்கும். அது இயங்கினால் ஒவ்வொரு வண்ணமும் அடுத்த வண்ணத்திற்கு அடியிலும் முழுமையாகப் பரவியிருக்கும். வண்ணங்களுக்கு நடுவே வெள்ளை இடைவெளி தெரியாமலிருக்க இப்படிச் செய்கிறார்கள். அச்சுக்கு இது நல்லது, ஏனென்றால் மேலே இருக்கும் வண்ணம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மிஷினுக்கோ மேலே, கீழே என்ற மறைவு கிடையாது. அடியில் இருக்கும் வண்ணத்தையும் முழுதாகத் தைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். உங்கள் மயிலின் வயிற்றில் ஐந்து அடுக்கு நிரப்புத் தையல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது. ஐந்தாவது வண்ணத்தில் ஊசி உடைந்ததில் வியப்பில்லை.

கணக்காகவே பாருங்கள். இங்க்ஸ்டிச் நிரப்புத் தையலில் வரிசைகளுக்கு இடையே 0.25 மி.மீ. விடுகிறது, ஒரு தையலின் நீளத்தை 3 மி.மீ. வரை வைத்துக்கொள்கிறது. இந்த அளவில் ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 40 வரிசை, அதாவது சுமார் 150 முதல் 170 தையல் வரும். 90 × 70 மி.மீ. செவ்வகம் முழுவதையும் ஓர் இடம் விடாமல் நிரப்பினால்கூட 10,000 தையலை ஒட்டித்தான் வரும். மயில் அந்தச் செவ்வகத்தில் பாதியைத்தான் அடைக்கும். ஆகவே 27,000 என்ற எண்ணைத் திரையில் பார்த்த உடனேயே மிஷினை ஓட்டாமல் நிறுத்தியிருக்க வேண்டும். தையல் எண்ணிக்கையைப் பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் துணி மிச்சமாகும்.

அடுத்தது கறுப்பு வெளிக்கோடு. நீங்கள் வரைந்தது ஒரு கோடு. ட்ரேஸ் பிட்மேப் அதைக் கோடாகப் பார்ப்பதில்லை. கறுப்பாக உள்ள பரப்பின் இரு விளிம்புகளையும் சுற்றி வந்து, குறுகிய ஒரு மூடிய உருவமாக்கித் தருகிறது. இங்க்ஸ்டிச் அந்த உருவத்தை ஒரே கோணத்தில் நிரப்புகிறது. 1.2 மி.மீ. அகலமுள்ள கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பும் கோணம் கிடைமட்டமாக இருந்தால், மயிலின் கழுத்தில் கோடு செங்குத்தாக இறங்கும் இடத்தில் 1.2 மி.மீ. நீளமுள்ள குட்டித் தையல்கள் நெருக்கமாக விழும். அதே கோடு முதுகில் கிடையாகத் திரும்பும் இடத்தில் நான்கைந்து நீள வரிசைகள் மட்டுமே ஓடும். ஒரே கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் பிசிறாகவும் தெரிவது இதனால்தான். கோட்டிற்குச் சாட்டின் தையல் வேண்டும், அதாவது கோடு எந்தப் பக்கம் வளைந்தாலும் நூல் அதற்குக் குறுக்காகவே விழ வேண்டும்.

இதற்கு நான் செய்யும் முறை இதுதான். ஸ்கேன் செய்த படத்தை அடியில் ஒரு லேயரில் பூட்டி வைப்பேன். அதன் மேல் பென் கருவியால் கோடுகளை நானே வரைவேன். ட்ரேஸ் ஒரு கழுத்து வளைவுக்கு எண்பது நோடுகள் (கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள்) வைக்கும் இடத்தில் கையால் வரைந்தால் நான்கு போதும். வரைந்த கோட்டிற்கு 1.5 மி.மீ. தடிமன் கொடுத்து, இங்க்ஸ்டிச்சின் சாட்டின் கருவிகளில் கோட்டைச் சாட்டினாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால், அது இரண்டு விளிம்புக் கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் சிறு படிகளும் கொண்ட உருவமாக மாறும். அந்தப் படிகள்தான் நூல் எந்தச் சாய்வில் விழ வேண்டும் என்பதைச் சொல்கின்றன. அலகு நுனிபோல வளைவு சட்டென்று திரும்பும் இடத்தில் ஒரு படியைக் கையால் நகர்த்தி வைத்துப் பாருங்கள், நூல் விழும் திசை மாறுவது சிமுலேட்டரில் (தையலைத் திரையிலேயே ஓட்டிக் காட்டும் வசதி) அப்படியே தெரியும்.

தோகைக் கண்ணுக்கும் ஒரு வார்த்தை. வெளிவட்டம் 18 மி.மீ., நடுவட்டம் 11 மி.மீ. என்றால், வெளிவட்டத்தின் நடுவே 10 மி.மீ. துளை ஒன்றை ‘டிஃபரன்ஸ்’ கட்டளையால் வெட்டி எடுங்கள். இரண்டு வண்ணமும் சுற்றிலும் அரை மி.மீ. மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சரியாக விளிம்போடு விளிம்பு வைத்தால் தைத்த பிறகு துணி நடுவில் எட்டிப் பார்க்கும், முழுதாக ஏற்றினால் மறுபடியும் அட்டைதான்.

ட்ரேஸ் செய்வதே கூடாது என்று சொல்லவில்லை. நிறுவனச் சின்னம் போல இரண்டு மூன்று வண்ணத்தில் தெளிவான விளிம்புள்ள படமென்றால் நானும் ட்ரேஸ் செய்வதுண்டு. அப்போது ‘ஸ்டாக்’ தேர்வை எடுத்துவிடுவேன், சிறு புள்ளிகளை நீக்கும் அளவைக் கூட்டுவேன், கிடைத்த உருவத்தைக் கன்ட்ரோல் எல் அழுத்தி எளிமையாக்குவேன். 1 மி.மீ.-க்குக் குறைவான எந்த உருவத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாம் போடும் 40ஆம் எண் நூலே ஏறக்குறைய 0.4 மி.மீ. தடிமன் இருக்கும்போது அதற்குள் நுணுக்கம் காட்ட இடமில்லை.

ஜரி நூல் (பதில்):

ஊசிமுனை சொன்னதெல்லாம் சரி. ஆனால் கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் துணியில் கெட்டுப்போக வாய்ப்புண்டு என்பதால், துணிப் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

தையல் துணியை நூல் ஓடும் திசையில் உள்ளே இழுக்கும், அதற்குக் குறுக்கே வெளியே தள்ளும். வட்டமாக வரைந்த கண்ணைக் கிடைமட்டமாக நிரப்பினால், ஃபிரேமிலிருந்து எடுத்த பிறகு அது அகலம் குறைந்து உயரம் கூடிய முட்டை வடிவமாக இருக்கும். இங்க்ஸ்டிச்சில் தையல் அளவுகளை மாற்றும் பராம்ஸ் பெட்டியில் இழுவையை ஈடுசெய்யும் அளவு ஒன்று இருக்கிறது. நான் பருத்திக்கு 0.2 மி.மீ. கொடுக்கிறேன், பனியன் துணிக்கு 0.4 வரை போகிறேன். உங்கள் மிஷினுக்கும் துணிக்கும் எது பொருந்தும் என்பதைத் துண்டுத் துணியில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் தைத்து அளந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அண்டர்லே (மேல் தையலுக்கு முன் அடியில் போடும் தாங்கு தையல்) போடாமல் சாட்டின் தைக்காதீர்கள். குறுகிய சாட்டினுக்கு நடுவே ஓடித் திரும்பும் அண்டர்லே போதும். 4 மி.மீ.-க்கு மேல் அகலம் போனால் விளிம்பை ஒட்டி ஓடுவதையும் ஜிக்ஜாக் அண்டர்லேயையும் சேர்த்துக் கொடுங்கள். 7 மி.மீ.-க்கு மேல் அகலமான சாட்டின் ரவிக்கைக்கு உதவாது. வளையல் மாட்டி இழுத்துவிடும், அந்த இடத்தை நிரப்புத் தையலாக மாற்றிவிடுவது நல்லது.

பட்டுத் துணியை மட்டும் ஃபிரேமில் மாட்டினீர்களா, அடியில் பேக்கிங் பேப்பர் (துணியைத் தாங்கிப் பிடிக்கும் தாள்) வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைக்கவில்லை என்றால், டிசைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுருங்கும். கிழித்தெடுக்கும் பேப்பர் ஒன்றையாவது துணியோடு சேர்த்து ஃபிரேமில் இறுக்குங்கள். தொட்டால் துணி தொய்யக் கூடாது, அதே நேரம் இழை விலகும் அளவுக்கு இழுக்கவும் கூடாது. இழுத்து மாட்டிய துணி ஃபிரேமிலிருந்து வெளியே வந்ததும் தன் அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. இதை நான் ஒரு கல்யாணப் பட்டில் கற்றுக்கொண்டேன். டிசைன் முடிந்தபோது கண்ணாடிபோல் சமமாக இருந்தது, ஃபிரேமைத் திறந்த அந்த நொடியில் மாங்காயைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிட்டது. அந்த ரவிக்கைத் துணிக்கு நான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

நூல் அறுந்ததற்கு அடர்த்தி பெரிய காரணம் என்றாலும், மேல்நூலைக் கோக்கும்போது பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக் கோத்தீர்களா என்பதையும் பாருங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது.

செல்லூர்த் தையலகம் (பதில்):

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பேக்கிங் பேப்பர் வைத்தேன், ஆனால் துணியை ஃபிரேமில் மாட்டிவிட்டுப் பேப்பரை அடியில் செருகினேன். அதுவே தவறு என்று இப்போது புரிகிறது. ‘ஸ்டாக்’ தேர்வும் இயக்கத்தில்தான் இருந்தது. இந்த வாரம் மயிலைக் கையால் மறுபடி வரைகிறேன்.

இடையில் இன்னொரு கேள்வி. இந்த மயில் சரியாக வந்தால் ஒரு நடனப் பள்ளிக்கு 40 ரவிக்கை தைக்க வேண்டும். என் மிஷினில் அத்தனையும் முடியாது என்பதால், 12 ஊசி மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுக்க நினைக்கிறேன். அவர் டிஎஸ்டி கோப்பு கேட்கிறார். அதில் சேமித்துத் திறந்து பார்த்தால் வண்ணங்களெல்லாம் மாறியிருக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

பாபின் பெட்டி (பதில்):

கோப்பு கெடவில்லை அக்கா. டிஎஸ்டி என்பது டஜிமா மிஷின்களுக்காக வந்த பழைய வடிவம். ஊசி எங்கே நகர வேண்டும், எங்கே வண்ணம் மாற நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும், எந்த வண்ணம் என்பதைச் சொல்லாது. திறக்கும் மென்பொருள் தன்னிடமுள்ள வண்ணங்களை வரிசையாகப் போட்டுக் காட்டுகிறது. 12 ஊசி மிஷின்காரர் எத்தனையாவது நிறுத்தத்துக்கு எத்தனையாவது ஊசி என்று மிஷினிலேயே எண் கொடுப்பார். ஆகவே நிறுத்த வரிசையையும் நூல் நிறத்தையும் ஒரு தாளில் எழுதி, கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். இங்க்ஸ்டிச்சே இதற்கான அச்சுத் தாளைப் பிடிஎஃப்பாகத் தயாரித்துத் தரும்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். இங்க்ஸ்டிச் பொருட்கள் பட்டியலில் கீழே இருப்பதை முதலில் தைக்கும். எனவே ஒரே நிறத்தில் உள்ள உருவங்களை அடுத்தடுத்து அடுக்கி வைத்தால் வண்ண நிறுத்தங்கள் குறையும். ஒரு ரவிக்கைக்கு இரண்டு நிறுத்தம் குறைந்தால், இரண்டு கைகளையும் சேர்த்து நாற்பது ரவிக்கையில் அது எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இன்னொன்று, மூலமான எஸ்விஜி கோப்பை (இங்க்ஸ்கேப்பில் வரைந்த படக் கோப்பு) எப்போதும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டிஎஸ்டியில் இருப்பவை வெறும் தையல் புள்ளிகள். அதைப் பெரிதாக்கினால் புள்ளிகள் விலகும், சுருக்கினால் நெருங்கும். சிறுமிகளின் ரவிக்கைக்கு 70 மி.மீ. மயில் வேண்டுமென்றால் எஸ்விஜியில் அளவை மாற்றிப் புதிதாகச் சேமிக்க வேண்டும்.

செல்லூர்த் தையலகம் (பதில்):

மயில் வந்துவிட்டது. உடலையும் கழுத்தையும் தனித்தனி உருவமாக வரைந்து, உடலுக்கு 30 பாகையும் கழுத்துக்கு 110 பாகையும் நிரப்புக் கோணம் கொடுத்தேன். ஒரே நீல நூல்தான், ஆனால் ஒளி படும்போது கழுத்தும் உடலும் இரண்டு நீலமாகத் தெரிகின்றன. வெளிக்கோடு முழுவதும் சாட்டின். ஏழு தோகைக் கண்களில் ஒன்றை மட்டும் வரைந்து, மற்றவற்றைப் படியெடுத்துச் சுழற்றி வைத்தேன்.

மொத்தம் 8,600 தையல். பழைய மிஷின் அமைப்பையே வைத்துக்கொண்டு, வேகத்தை மட்டும் நிமிடத்துக்கு 600 தையலாகக் குறைத்து ஓட்டினேன். நூல் ஒரு முறைகூட அறுபடவில்லை. அலகின் நுனியில் மட்டும் நிரப்புக்கும் சாட்டினுக்கும் நடுவே முடி அளவுக்குத் துணி தெரிகிறது. நிரப்பு உருவத்தைச் சாட்டினுக்கு அடியில் இன்னும் அரை மி.மீ. நீட்டிவிட்டு நாளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். அது சரியானதும் நிறத் தாளோடு 12 ஊசி மிஷின்காரரிடம் கொடுத்துவிடுவேன்.