பழைய அலுமினியப் படகுக்கு மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தூண்டில்காரன்:
கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். சிம்கோ ஏரியில் மீன் பிடிக்க 14 அடி பழைய அலுமினியப் படகு ஒன்றை ட்ரெய்லரோடு வாங்கினேன். பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. நகத்தால் நெம்பினாலே உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் உலோகம் பளபளவென்று வழவழப்பாக இருந்தது. முன்பு அடித்தவர் தேய்க்கவும் இல்லை, பிரைமரும் பூசவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அலுமினியத்தில் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் கட்டிவிடும். அரிப்பிலிருந்து காப்பது அதுதான், பெயின்ட்டை ஒட்டவிடாததும் அதுதான்.

ஆனால் முதலில் ஒழுக்கைப் பார்த்தேன். பெயின்ட் அடித்த பிறகு ரிவெட்டை, அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியை, தட்டினால் அத்தனையும் பாழ். ட்ரெய்லரிலேயே அடியில் கட்டைகள் முட்டுக்கொடுத்து, படகுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டேன். அதற்கு மேல் வேண்டாம். ஏரியில் என்றால் வெளித்தண்ணீர் தாங்கும், இங்கே முழுப் பாரமும் அடித்தகட்டில்தான் இறங்கும். கொஞ்ச நேரத்தில் கீல் (படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் தண்டு) ஓரமாகச் சில ரிவெட் தலைகளில் சொட்டு கோத்து நின்றது. அவற்றை வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டேன். வெளியே நண்பர் கனமான இரும்புக் கட்டியை ரிவெட் தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளேயிருந்து நான் சுத்தியலால் தட்டி இறுக்கினேன். அதற்கும் அடங்காதவற்றுக்கு உள்பக்கம் குளுவிட் என்ற, ஒழுக்கை அடைக்கும் எபாக்ஸிப் பசை.

அப்புறம் பிசுக்குப் போகக் கழுவினேன். சுத்தமாகிவிட்டதா என்று தெரிய ஒரு குவளைத் தண்ணீர் போதும். ஒரே படலமாக வழிந்தால் சரி, திட்டுத்திட்டாக ஒதுங்கி முத்துக் கோத்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பிறகுதான் உப்புத்தாள், சொரசொரப்பான 80ஆம் எண்ணில் தொடங்கி அதைவிட நைசான 120. பழைய பெயின்ட்டில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம், அதனால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன், முகமூடியைக் கழற்றவே இல்லை. சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, அந்த இடத்தில் துருவும் அரிப்பும் தொடங்கிவிடும். தேய்த்த அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். செல்ஃப் எட்ச் பிரைமர் அடிப்பவர்களும் உண்டு. அதில் அமிலம் இருப்பதால் மேலே எபாக்ஸி சரியாக இறுகாமல் போகலாம், ஆகவே இரண்டில் ஒன்றுதான்.

குருநகரான்:
தம்பி, நல்ல விபரமாய் எழுதியிருக்கிறீர். நான் வாங்கிய வள்ளத்தின் கதை வேறு. முந்தின சொந்தக்காரர் அடிப்பக்கத்துக்குச் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். மர வள்ளத்துக்கும் ஃபைபருக்கும் அது சரி. அலுமினியத்துக்கு நஞ்சு. செம்பும் அலுமினியமும் தண்ணீரில் சேர்ந்தால் பற்றரி வேலை தொடங்கிவிடும், கரைந்து போவது அலுமினியம்தான். பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை மாவு, அதையும் துடைத்தால் குண்டூசித் தலை அளவில் குழிகள். பின்பலகையிலும் இதே கோளாறு. உக்கின பலகைக்குப் பதிலாகச் செம்பு மருந்து ஏற்றிய பிளைவுட்டை வைத்திருந்தார். அது தொட்ட இடமெல்லாம் தகடு மெலிந்துவிட்டது. மருந்து ஏற்றாத மரைன் பிளைவுட்டைச் சுற்றிவர எபாக்ஸி பூசி மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவருகிற வள்ளத்துக்குப் பாசித்தடுப்பே தேவையில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஏரிக்காற்று:
குருநகரான் அண்ணை சொன்ன பிளைவுட் விஷயம் பலருக்குத் தெரியாது, நன்றி. நான் என் படகுக்கு உள்ளே வெளிர் சாம்பல் அடித்தேன். கருநிறம் வெயிலில் காலை வைக்கவிடாது.

கனடாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 10 குதிரைசக்தியோ அதற்கு மேலோ உள்ள எஞ்சின் என்றால் லைசன்ஸ் எண் முன்பக்கம் இரண்டு புறமும் இருக்க வேண்டும். எழுத்து 7.5 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது, படகின் நிறத்திலிருந்து தனித்துத் தெரியவும் வேண்டும். பச்சையை வெள்ளையாக்கினால் பழைய வெள்ளை எண்கள் உதவாது. பின்பலகையின் வலது மேல்மூலையில் இருக்கும் படகின் அடையாள எண்ணையும், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். கனமாகப் பெயின்ட் ஏறினால் அந்த எண்ணை வாசிக்க முடியாது.

தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று உடனே ட்ரெய்லரில் இறக்கிவிடாதீர்கள். முழுதாக இறுக எத்தனை நாள் என்று டப்பாவில் பாருங்கள். கார்பெட் சுற்றிய கட்டையில் பாரம் அழுந்தினால் புதுப் பெயின்ட் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.