கழிவுநீர்க் குழாய் வந்தால் காசை எப்படிப் பிரிப்பது? (மட்டக்களப்பு: கல்லடி, புளியந்தீவு, காத்தான்குடிப் பக்கம்)

கல்லடி_வாசி

கழிவுநீர்க் குழாய் என்று பேச்செடுத்தாலே "காசை யார் கட்டுறது?" என்ற இடத்தில் கூட்டம் நின்றுபோகுது. ஒருவர் சோலைவரியோடு (வீடு, வளவுக்கான வரி) சேர்த்து எடுக்கச் சொல்றார், ஒருவர் வீட்டுக்கு வீடு ஒரே தொகை என்கிறார், இன்னொருவர் தண்ணீர் பில்லைப் பார்த்துப் போடச் சொல்றார். நிலைமை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: மணல் தரை, 6 பேர்ச், 8 பேர்ச் என்ற சின்ன வளவு, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவில் 50 அடி விட இடமில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்த பிறகு வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீரும் கூடிட்டுது. மார்கழி மழைக்குக் குழி நிரம்பி மேலே வருது.

வாவிக்கரை ஹோட்டலும் தகரக் கொட்டில் வீடும் ஒரே தொகை கட்டலாமா? வெளிநாட்டில் இருக்கிறவரின் பூட்டின வீட்டுக்கு என்ன கணக்கு? தெரிஞ்சவங்க இலக்கத்தோடு சொல்லுங்க.

வடிகால்_வேலை

தம்பி, முதல்ல செலவை மூன்றாகப் பிரிங்க. சுத்திகரிப்பு ஆலையும் பிரதான குழாயும் ஒன்று. ஒழுங்கைக்குள் ஓடும் குழாயும் வீட்டு இணைப்பும் இன்னொன்று. பம்ப் மின்சாரம், ஆட்கள், பழுது என்று மாதாமாதம் போவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே ஆள் ஒரே முறையில் கட்டவேண்டும் என்று நினைப்பதில்தான் சண்டை தொடங்குது.

ஆலையால் வாவியும் கிணறுகளும் தப்பும். அதன் பலன் இணைப்பு எடுக்காதவருக்கும் உண்டு. அதனால் அந்தப் பங்கு அரசாங்க நிதியிலும் நகரம் முழுவதற்குமான வரியிலும் போகலாம். ஒழுங்கைக் குழாய்க்கு அந்த ஒழுங்கைக்காரர் பொறுப்பு. மாதச் செலவுக்கு, எவ்வளவு தண்ணீர் விடுகிறாரோ அவ்வளவு.

அளவுக்கு "வீட்டுச் சமானம்" என்று ஒன்றை வைங்க, அதாவது ஒரு சாதாரண வீடு விடும் கழிவு. ஒரு ஆளுக்கு நாளைக்கு 120 லீற்றர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று வைத்தால் 4 பேர் வீட்டுக்கு ஏறத்தாழ 400 லீற்றர், மாதம் 12 அலகு (ஒரு அலகு 1,000 லீற்றர்). மாதம் 240 அலகு எடுக்கும் ஹோட்டல் 192 அலகு கழிவு விடும். அது 16 வீட்டுச் சமானம். சாப்பாட்டுக் கடைக்கு அளவு மட்டும் பார்த்தால் போதாது. எண்ணெய்க் கொழுப்பு குழாய்க்குள் கட்டியாகப் படியும், ஆலைக்கும் சுமை கூடும். கொழுப்புப் பொறி (கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டி) கட்டாதவருக்கு ஒன்றரை மடங்கு போடலாம்.

வீதி முகப்பு அடியைப் பார்த்து அறவிடும் பழைய முறைக்குப் போகாதீங்க. மூலை வளவுக்காரர் இரண்டு பக்கத்துக்கும் கட்டுவார், ஆனால் இணைப்பு ஒன்றுதான்.

காத்தான்குடி_நானா

ஒரு இடத்தில் இடிக்குது. "நகரம் முழுக்க வரி" என்றால் குழாய் எட்டாத குறிச்சிக்காரன் ஏன் கட்டணும்? கட்டச் சொன்னால் அவனுக்கும் ஏதாவது கொடுக்கணும். 3 அல்லது 4 வருடத்துக்கு ஒரு தடவை கலி பவுசர் (குழிக் கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டி) முறைப்படி வந்து குழியை இறைக்கணும், அந்தக் கழிவை அதே ஆலை ஏற்கணும். இதைத் திட்டம் போடும்போதே எழுதணும். குழிக் கழிவு சாதாரண கழிவுநீரைவிடப் பல மடங்கு கடுமை. 5,000 லீற்றர் பவுசர் ஒன்றை நேரே ஆலையின் வாய்க்குள் கவிழ்த்தால் சின்ன ஆலையின் நுண்ணுயிர் குழம்பிப் போகும். வாங்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட தனித் தொட்டி வேணும்.

மற்றது கிணறு. எங்கட பக்கம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மட்டும் எடுத்து, குளிக்க, கழுவக் கிணற்றுப் பம்ப் போடும் வீடு கனக்க. மீற்றரை மட்டும் பார்த்தால் அவை பாதிக் காசுதான் கட்டும், மிச்சத்தைக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்காரன் சுமப்பான். கிணறு உள்ள வீட்டுக்கு ஆள் கணக்கில் நிலையான தொகை வைக்கிறதே நேர்மை.

வடிகால்_வேலை

நானா சொன்ன இரண்டும் சரி. கிணற்று விசயத்தை நான் விட்டுட்டன்.

இப்ப குழாய் வகை. செலவு இதில்தான் தீர்மானமாகும். எங்கட தரை மேசை போலச் சமம். வழக்கமான குழாய்க்கு 200 க்கு 1 சரிவு கொடுத்தால் ஒரு கிலோமீற்றரில் 5 மீற்றர் கீழே போகணும். மாரியில் நாலடி தோண்டினாலே தண்ணீர். மணல் சரியும், பக்கத்து மதில் விழும், தோண்டும் காலம் முழுக்க நீர் இறைக்கணும். ஆழத்தை 3 மீற்றருக்குள் நிறுத்தினால் ஏறத்தாழ 400 மீற்றருக்கு ஒரு பம்ப் நிலையம் வரும், ஒவ்வொன்றுக்கும் மின்பிறப்பாக்கி வேணும். மின்சாரம் போனால் தாழ்ந்த வீட்டுக் கக்கூஸில்தான் முதலில் பொங்கும்.

இன்னொரு வழி, வீட்டுச் செப்டிக் டேங்கை வைத்துக்கொண்டு தெளிந்த தண்ணீரை மட்டும் சின்னக் குழாயில் எடுப்பது. திண்மம் டேங்கிலேயே தங்குவதால் 75 முதல் 110 மில்லிமீற்றர் குழாய் போதும், ஒரு மீற்றர் ஆழத்துக்குள் போகலாம். ஆனால் டேங்க் ஒழுகாமல் இருக்கணும். எங்கட பக்கம் "டேங்க்" என்று சொல்வதில் பாதி அடி மூடாத குழிதான். அதைப் புதிதாகக் கட்டும் செலவையும், தவறாமல் இறைப்பதையும் கணக்கில் சேருங்க.

கல்லடி_வாசி

நன்றி அண்ணன், நானா. இணைப்புக் காசை முதலிலேயே ஒரே தடவையில் கேட்டால் சனம் எடுக்காதே?

பில்_கணக்கு

எடுக்காது, அப்புறம் முழுத்திட்டமும் சாயும். உதாரணத்துக்கு, வருடச் செலவு 3 கோடி 60 இலட்சம், சமானம் 3,000 என்று வைப்போம். மாதம் 1,000 ரூபாய். பாதிப் பேர் இணையாவிட்டால் மிச்சப் பேருக்கு 2,000. தண்ணீர் ஓட்டமும் குறைந்து குழாயில் கழிவு படியும், சல்பைட் வாயு கொங்கிரீட்டைத் தின்னும்.

ஆகவே இணைப்புக் காசை முன்கூட்டி வாங்காதீங்க. 120,000 ரூபாய் என்றால் 8 சதவீத வட்டியில் 10 வருடத்துக்கு மாதம் 1,450 அளவில் வரும். அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) எடுக்கும் வீட்டுக்கு அதைக் கழித்து, அந்தப் பாரத்தைப் பக்கத்து வீட்டில் போடாமல் அரசாங்கப் பங்கிலிருந்து கொடுக்கணும். பூட்டின வீடும் வெறும் வளவும் ஓட்டக் காசு (விடும் தண்ணீருக்கான மாதக் காசு) கட்டத் தேவையில்லை. ஆனால் குழாய் வாசலுக்கு வந்ததும் வளவின் விலை ஏறும், அதனால் ஒழுங்கைக் குழாய்ப் பங்கு கட்டாயம்.

யார் பில் அனுப்புவது என்பதையும் முதலிலேயே முடிவெடுங்க. சோலைவரி மாநகரசபையுடையது (காத்தான்குடியில் நகரசபையுடையது), தண்ணீர் பில் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. ஓட்டக் காசைத் தண்ணீர் பில்லோடும் குழாய்ப் பங்கை வரியோடும் போட்டால் நிலுவை குறையும். பம்ப் 10, 15 வருடத்தில் மாற்றணும். அதற்கு ஒவ்வொரு பில்லிலும் தனியாக ஒரு பகுதி ஒதுக்கி வேறு கணக்கில் வைக்காவிட்டால் அந்தக் காசு வேறெங்காவது போய்விடும்.

முடிவெடுக்காமல் இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம்: கலிபோர்னியாக் கரையில் லொஸ் ஓசோஸ் என்ற ஊரில் 1983 இல் நிலத்தடி நீரில் கூடிய நைத்திரேற்று காரணமாகக் குழிகளுக்குத் தடைத் தீர்மானம் வந்தது. ஆலை எங்கே, யார் கட்டுவது என்று இழுபட்டு 2016 இல்தான் ஓடத் தொடங்கியது.

ஒன்று கட்டாயம் எழுதி வைங்க: கூரைப் பீலித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக்கூடாது. இருபது வீடு விட்டாலே கார்த்திகை, மார்கழியில் பம்ப் தாங்காது. இணைப்புக் கொடுக்க முன் புகை விட்டுச் சோதியுங்க, பீலியால் புகை வந்தால் இணைப்பை நிறுத்தி வைங்க.