மார்ச் 1: ஒஹாயோ எப்போய்யா மாநிலம் ஆச்சு?

ஆந்தையார்:
"மார்ச் 1, 1803: ஒஹாயோ அமெரிக்காவின் 17-ஆவது மாநிலமானது"ன்னு 'வரலாற்றில் இன்று' பட்டியல்ல ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அப்போ அப்படித் தீர்மானமே போடல. 1953 ஆகஸ்ட் 7-ல ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டு முன்தேதியிட்டுக் கொடுத்தது அந்த மார்ச் 1. முன்தேதி போட்ட பத்திரம் எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல செல்லும்?

கீழைக்காற்று:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். அன்னிக்குத்தான் ஒஹாயோவோட அப்போதைய தலைநகர் சில்லிகாத்தில முதல் சட்டசபை கூடிச்சு. அது போதும்.

ஆந்தையார்:
நாலு பேர் கூடினா மாநிலமா? தீர்மானம் எங்கே?

பொறுமைசாலி:
1803 பிப்ரவரி 19-லயே அப்போதைய ஜனாதிபதி ஜெஃபர்சன் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டாச்சு. ஒஹாயோ மாநிலமாகிடுச்சுன்னு அதுலயே இருக்கு. தனியா சேர்க்கைத் தேதி அறிவிக்கிற வழக்கமே 1812-ல லூசியானாவுலதான் ஆரம்பம்.

ஆந்தையார்:
அப்போ பிப்ரவரி 19! கீழைக்காற்றை நீங்களே கவுத்துட்டீங்க, நன்றி. தீர்மானம் எங்கே?

ஒமாஹாக்காரன்:
மார்ச் 1-னா எங்க நெப்ராஸ்காதான். 1867. ஜனாதிபதி ஜான்சன் வீட்டோ போட்டும் காங்கிரஸ் அதை மீறிச் சேர்த்துச்சு. யாரும் வாய் திறக்க முடியாத தேதி.

கீழைக்காற்று:
உங்களை யார் கூப்பிட்டா? ஒஹாயோவுல பிறந்த ஜனாதிபதிங்க ஏழு பேர். உங்க ஊர்ல?

ஒமாஹாக்காரன்:
ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு எங்க நெப்ராஸ்காவுல இருக்கிற ஒமாஹாவுல பிறந்தவர் சார்.

கீழைக்காற்று:
தவழுறதுக்கு முன்னாடியே அம்மா தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அதுக்குப் பெருமை வேறயா?

ஆந்தையார்:
பேச்சை மாத்தாதீங்க. ஏழு பேர்ல டாஃப்டும் உண்டு. மாநிலமே இல்லாத ஊர்ல பிறந்தவர் எப்படி ஜனாதிபதி?

பொறுமைசாலி:
ஒஹாயோ மாநிலமே இல்லைங்கிற இதே கதையைச் சொல்லி வருமான வரி கட்ட மாட்டோம்னு கோர்ட்டுக்குப் போனாங்க. தள்ளுபடி பண்ணி அனுப்பிட்டாங்க.

ஆந்தையார்:
கோர்ட்டு வரியைத்தான் கட்டச் சொல்லுச்சு. தீர்மானம் இருந்துச்சுன்னு சொல்லலையே! 1953-ல ஒஹாயோக்காரங்க வாஷிங்டனுக்குக் குதிரையில மனு கொண்டு போனாங்க. சந்தேகம் இல்லாதவன் எதுக்குக் குதிரை ஏறணும்?

கீழைக்காற்று:
150-ஆவது ஆண்டு விழாக் கூத்துய்யா அது! போன மாசம் என் பதிவுல மூக்குடைபட்டதுக்குத்தானே இங்க வந்து ஆடுறீங்க?

ஆந்தையார்:
யார் மூக்கு உடைஞ்சதுன்னு ஊருக்கே தெரியும். தீர்மானத்தைக் காட்டுங்க.

ஒமாஹாக்காரன்:
ஃபோர்டைப் பத்திப் பேசினதுக்கு யாரும் மன்னிப்புக் கேக்கலையே?

ஆந்தையார்:
நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கீழைக்காற்று, தீர்மானம்?