குசினிக்கு இரண்டு லைனா, ஒன்றா?

உப்புவெளி வீடு, சிங்கிள் ஃபேஸ் 30 அம்பியர். இரட்டை இண்டக்ஷன் அடுப்பு 3500 வாட், ஓவன் 2400 வாட். இரண்டுக்கும் ஒரே 7/0.67 வயர் (2.5 சதுர எம்.எம்.), 20 அம்பியர் பிரேக்கர், போர்டிலிருந்து 18 மீட்டர்.

ஒரு மாதமாக, சேர்த்துப் போட்டால் 20 நிமிடத்தில் பிரேக்கர் விழுகிறது. ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவுக்கு விழுவது) அசையவில்லை, ஆகவே கசிவாக இருக்காது, லோடுதான்: 230 வோல்ட் கணக்குப்படி 25.7 அம்பியர்.

பிரேக்கர் மாற்றியாச்சு, முனைகள் இறுக்கியாச்சு. ஓவன் சொக்கெட்டில் நியூட்ரல் முனை கடற்காற்றில் பச்சை பூத்து, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. அதையும் மாற்றியாச்சு. வயர்மன் 32 அம்பியர் பிரேக்கர் போடச் சொல்கிறார். போட்டால் பிரேக்கர் விழாது, வயர்தான் வேகும்!

30 அம்பியர் மெயினுக்கு எது சரி: அடுப்புக்கு 4 எம்.எம்., ஓவனுக்கு 2.5 எம்.எம். என இரண்டு தனி லைனா, 32 அம்பியர் பிரேக்கரில் 6 எம்.எம். ஒரே லைனா?